பிறை எழுதாத குறிப்பேடு

கடந்த மாரியில் மகனைப் பார்க்க அம்பாறைக் கரைக்குப் போனபோது என் பையில் மூன்று சாரங்களும் ஒரு குடையும், மூன்று வருடங்களுக்கு முன் அவனுடைய நிக்காஹுக்காக அதே ஊரில் தங்கியபோது எழுதிய குறிப்பேடும் இருந்தன. துவைத்த சாரம் ஒன்றுகூடக் காயவில்லை. குடை இரண்டாம் நாளே காற்றோடு போயிற்று. குறிப்பேட்டை மட்டும் பொலித்தீன் பைக்குள் வைத்து ஒரு சொட்டு ஈரம் படாமல் காத்தேன். அதையும் நனையவிட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

நான் மலைநாட்டுச் சிற்றூர்க்காரன். நாற்பது வருடங்களாகத் தினமும் ஏதாவது எழுதிவைப்பது வழக்கம். திகதி, கிழமை, எந்தத் தொழுகைக்கு முன் அல்லது பின், என்ன நடந்தது. பழைய காலத்து அதிகாரிகளின் நாட்குறிப்புகளை நூலகத்தில் தேடிப் படித்துப் பிடித்த பழக்கம் இது. அவர்கள் மழை எத்தனை அங்குலம் என்று எழுதுவார்கள். யாருடைய கூரை ஒழுகியது என்று எழுதமாட்டார்கள். நான் கூரையையும் எழுதுவேன். அதனால் அவர்களைவிட நான் கவனமானவன் என்ற ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது.

மகன் ஒலுவிலில் வேலை பார்க்கிறான். அட்டாளைச்சேனைப் பக்கத்தில் திருமணம் செய்து அங்கேயே இருக்கிறான். அந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். பெண்ணைப் பெற்றவர் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கொடுக்கவேண்டும். என் சம்மந்தி, அதாவது என் மருமகளின் வாப்பா, தான் குடியிருந்த வீட்டையே மூத்த மகளுக்குக் கொடுத்தார். நிக்காஹ் முடிந்த கிழமையே அவரும் மனைவியும் இளைய மகளும் பின்வளவில் இருந்த இரண்டு அறைகளுக்குப் பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மகனைப் பெற்ற நான் கையை வீசிக்கொண்டு வந்து, விருந்து சாப்பிட்டு, அதையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் திரும்பியவன்.

இம்முறை போனபோது அதே வளவின் தெற்கு மூலையில் இளைய மகளுக்கான வீடு பாதியில் நின்றது. சுவர் கூரை மட்டத்துக்கு வந்திருந்தது. மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்காமல் சுவரின் தலையில் தென்னோலைக் கிடுகு போட்டிருந்தார்கள். அந்த மாரியில் விதைத்த பெரும்போகம் விளைந்து அறுத்ததும் ஓடு. ஓடு ஏறியதும் நிக்காஹ். இதுதான் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் சம்மந்தியின் ஆறு ஏக்கர் வேளாண்மையில் நின்றது. நெற்பயிரை அங்கே வேளாண்மை என்றே சொல்கிறார்கள்.

நான் வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் மழை பிடித்தது. எங்கள் மலைநாட்டில் மழை பெய்து இறங்கி ஓடிவிடும். இங்கே நிலம் தட்டையானது. தண்ணீர் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். முற்றத்தில் நின்றது, வீதியில் நின்றது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வயலிலும் நின்றுவிட்டது. சம்மந்தி முழங்கால்வரை சேற்றோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

“வேளாண்மயக் காணல்ல, சம்மந்தி” என்றார்.

விதைத்து மூன்று கிழமையான பயிர். ஒரு கிழமை தண்ணீருக்குள் கிடந்தால் தாங்கும், அதற்கு மேல் அழுகிவிடும் என்று அவரே சொன்னார். வயலின் தண்ணீர் வாய்க்கால் வழியே களப்பு எனும் கடலோர ஏரியில் விழவேண்டும், களப்பு கடலில் விழவேண்டும். ஆனால் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு கிடக்கிறது. கோடை முழுக்கக் கடல் அதை அடைத்து உயர்த்திவிடுகிறது. மாரியில் களப்பு நிரம்பியதும் ஊரார் கூடி அந்த மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். முகத்துவாரம் வெட்டுவது என்று அதற்குப் பெயர். அதை எந்த நாளில் வெட்டுவது என்பதுதான் ஒவ்வொரு மாரியிலும் வரும் கேள்வி.

திங்கட்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் அதைப் பேசக் கூடினார்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒரே ஒரு நாளைக்குக் கிடைக்கும், பிறகு அது வேறு ஊருக்குப் போய்விடும் என்று செய்தி வந்திருந்தது. வயல்காரர்கள் புதன்கிழமையே வெட்டவேண்டும் என்றார்கள். ஒருவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்றார். கோடையில் கடலில் கரைவலை இழுப்பவர் அவர். மாரியில் களப்பில் இறால் பிடிப்பார். ஒல்லியான மனிதர், நரைத்த தாடி, காதில் பாதி பீடி.

“ஞாயித்துக்கிழம வெட்டுங்க. அதுக்கு முன்ன வெட்டினா கடல் வாயப் பொத்திரும்” என்றார்.

“அதுவரைக்கும் வேளாண்ம என்னத்துக்கு ஆகும்? முகத்துவாரம் தொறந்தா இறால் கடலுக்குப் போயிரும் எண்டு நாலு நாள் கடத்துறீங்க காக்கா” என்றார் ஒரு வயல்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.

“என்ட இறால நீங்க திங்கல்லையா? போன கிழம ரெண்டாந்தரமும் சட்டி கொடுத்து அனுப்பினீங்க.”

விறாந்தை சிரித்தது. ஆனால் இறால் என்ற சொல் விழுந்த பிறகு அவருடைய பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. அப்போதுதான் சம்மந்தி என் பக்கம் திரும்பினார்.

“எங்கட சம்மந்தி போன தரம் வந்தநேரம் எழுதி வெச்சிரிக்காரு. அதக் கேப்பம்.”

நான் பொலித்தீன் பையை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது; மறைக்கமாட்டேன். திகதியைச் சொல்லிவிட்டு மீதியை வாசித்தேன்: “மழையின் ஆறாம் நாள், புதன்கிழமை, அஸருக்குப் பின் முகத்துவாரம் வெட்டினார்கள். மறுநாள் சுபஹுக்கு வயல் வரம்புகள் தெரிந்தன.”

யாரோ விரல்விட்டு எண்ணினார்கள். வெள்ளிக்கிழமை பிடித்த மழைக்குப் புதன்கிழமை ஆறாம் நாள். அன்றும் ஆறாம் நாள், இம்முறையும் ஆறாம் நாள். அன்றும் புதன், இம்முறையும் புதன்.

“எழுத்தில இரிக்கி. இனி என்ன கதை?” என்று ஒருவர் எழுந்துவிட்டார்.

கரைவலைக்காரர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. “அண்டைக்குக் கடலப் பாத்தீங்களா மாஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். நான் ஆசிரியன் அல்ல. கையில் கொப்பி இருந்ததால் அப்படி அழைத்தார் போலும்.

“பார்த்தேன்” என்றேன். பொய்யில்லை. மலைநாட்டுக்காரன் கடலைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்திருந்தேன்.

புதன்கிழமை பெக்கோ வந்தது. அஸர் ஆனபோது மணல்மேட்டின் குறுக்கே நேராக ஒரு வாய்க்கால் திறந்து களப்புத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. பெக்கோ ஓட்டியவருக்கு வட்டிலப்பம் கொடுத்தார்கள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். என் பழைய குறிப்போடு பெரிதாக வித்தியாசம் இல்லை.

வியாழக்கிழமை விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு நாங்கள் போனபோது வாய்க்கால் இருந்த இடத்தில் வாய்க்கால் இல்லை. கடல் ஏறி வந்து மணலை வாரி முந்தியிருந்ததைவிட உயரமாக அடைத்திருந்தது. வாடைக்காற்று முகத்தில் உப்பை அடித்தது. களப்புக்குள் கடல் தண்ணீரும் கொஞ்சம் புகுந்திருந்தது. சம்மந்தி களப்புத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பெக்கோ காலையிலேயே வெள்ளம் வந்த இன்னொரு ஊருக்குப் போய்விட்டது.

திரும்பி நடந்த வழியில் யாராவது என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். எனக்குச் செருப்பு அறுந்தது என்று ஒருவர் தன் செருப்பைக் கழற்றித் தந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். திங்கட்கிழமை விரல்விட்டு எண்ணியவர்களில் அவரும் ஒருவர்.

வீட்டில் சம்மந்தியின் மனைவி சுடச்சுட ரொட்டியும் சம்பலும் வைத்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“திண்டுட்டு யோசிங்க. ரொட்டி ஆறினா அதுக்கும் யோசிக்க வேண்டி வரும்” என்றார்.

பகலில் சம்மந்தி இளைய மகளின் வீட்டுச் சுவரில் ஏறி, காற்று கிளப்பிய கிடுகை மறுபடி கட்டினார். அந்தப் பெண் கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தாள்.

“வாப்பா, ஓடு ஏறாட்டி என்ன, நானும் மாப்பிள்ளையும் கொடையப் புடிச்சிட்டு இரிக்கம்” என்றாள்.

“மாப்பிள்ளைக்கிப் பெரிய கொடையா வாங்கணும். உன்ட வாய்க்கு அவரு ஓரமா ஒதுங்கி நிப்பாரு” என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக் கட்டிய முடிச்சையே திரும்பவும் கட்டினார். நான் இந்தப் பக்கம் என் மகனின் வீட்டு விறாந்தையில், இன்னொரு பெரும்போகம் ஏற்றிவைத்த ஓடுகளின் கீழே, நனையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கரைவலைக்காரரைத் தேடிப் போனேன். தேத்தண்ணிக் கடையில் இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் என்னைக் கேட்கவிடவில்லை. பிளேன்டீக்குச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

“அந்தக் கொப்பியத் தாங்க பாப்பம்.”

அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். நிதானமாக வாசித்தார்.

“புதன் எழுதிரிக்கீங்க. அஸர் எழுதிரிக்கீங்க. கலியாண ஊட்டுக் கறியில எத்தின துண்டு எறச்சி எண்டும் எழுதிரிக்கீங்க. பிறை எங்க?”

“பிறை எழுதவில்லை” என்றேன்.

“நோம்புக்கும் பெருநாளைக்கும் மட்டும்தான் பிறை எண்டு நெனச்சீங்களா?” என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? நாற்பது வருடக் குறிப்பில் நான் நோன்பு மாதம் தவிர எங்கும் பிறை எழுதியதில்லை.

பிறகு அவர் விளக்கினார். பிறை பதினான்கு, பதினைந்தில், அதாவது முழுநிலவில், கடல் ஏறி நிற்கும். மாரியில் வாடைக்காற்றும் சேர்ந்து தள்ளினால் எந்த வாயையும் மணலால் மூடிவிடும். பதினெட்டிலிருந்து கடல் இறங்கத் தொடங்கும். அப்போது வெட்டினால் களப்பின் வேகமே வாயை அகலமாக்கிக்கொள்ளும். முந்தாநாள் பிறை பதினான்கு.

“அப்படியானால் மூன்று வருடத்துக்கு முன் புதன்கிழமை வெட்டியது எப்படிச் சரிவந்தது?”

“அண்டைக்குப் பிறை என்ன எண்டு ஆருக்குத் தெரியும்? நீங்கதான் எழுதல்லையே.”

அப்போது எனக்கு நினைவு வந்தது. குறிப்பேட்டின் பின்னட்டைக்குள் என் மகனின் நிக்காஹ் அழைப்பிதழை ஒட்டிவைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தோம். அந்தப் புதனுக்கு முந்திய வெள்ளிக்கிழமை; ஆங்கிலத் திகதிக்குக் கீழே சின்ன எழுத்தில், பிறை பதினாறு. அவர் விரலை மடித்தார். சனி பதினேழு, ஞாயிறு பதினெட்டு, திங்கள் பத்தொன்பது, செவ்வாய் இருபது, புதன் இருபத்தொன்று.

“பாத்தீங்களா? கடல் இறங்கிக் கெடந்த நாள். கெழமைக்கு வெட்டல்ல, பிறைக்கு வெட்டிரிக்காங்க. உங்கட கொப்பிக்குள்ளேயே கெடந்திச்சி.”

“இதை அன்றைக்கு விறாந்தையில் சொல்லியிருக்கலாமே?”

“ஞாயித்துக்கிழம எண்டு சொன்னன். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. இறால் எண்டு கதைய முடிச்சிட்டாங்க.” பீடியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகினார். “இருவதாம் பிறை எண்டா இன்னும் நல்லம். ஆனா வேளாண்ம அதுவரைக்கும் பொறுக்காது. நாளண்டைக்கு வெட்டுவம். மெசின் இல்ல, ஆள்தான் வேணும். உங்கட சம்மந்தியக் கூப்பிடச் சொல்லுங்க. நான் கூப்பிட்டா இறாலுக்குக் கூப்பிடுறான் எண்டுவாங்க.”

நான் போய்ச் சொன்னதைச் சம்மந்தி முழுதும் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, மஃரிபுக்கு முன்பே கரைவலைக்காரரின் வீட்டுக்குப் போனார். உள்ளே போகாமல் படலையில் நின்றே பேசினார்.

“காக்கா, நானும்தான் அண்டைக்குச் சிரிச்சன்.”

“சிரிக்கத்தானே சொன்னன். உள்ளுக்க வாங்க, மழைக்குள்ள நிண்டு கதைக்கிற கதையா இது?”

அவ்வளவுதான் நடந்தது. சனிக்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பிறை பதினெட்டு, சுபஹ் முடிந்து வெளிச்சம் வரும்போது மணல்மேட்டில் மண்வெட்டிகளோடு வயல்காரர்களும், களப்பில் இறால் பிடிப்பவர்களும், பாலமுனையிலிருந்து சொந்தக்காரர்களும் நின்றார்கள். என் மகனும் நின்றான். எனக்கு மண்வெட்டி தரவில்லை. தேத்தண்ணி வாளியைத் தந்தார்கள்.

கரைவலைக்காரர் நடந்துகொண்டே குச்சியால் மணலில் ஒரு கோடு இழுத்தார். நேர்க்கோடு அல்ல; தெற்கே சாய்ந்த கோடு. அலையும் நீரோட்டமும் வடக்கிலிருந்து வருவதால் வாய் அவற்றுக்கு முகம் கொடுக்கக் கூடாது என்றார். கடல் பக்கத்திலிருந்து தொடங்கிக் களப்பை நோக்கி வெட்டினார்கள். அள்ளிய மணலை உரப்பைகளில் கட்டி இரண்டு கரையிலும் அடுக்கினார்கள். வலை இழுக்கும்போது போடும் குரலை இறால்காரர்கள் போட, அதற்குப் பழக்கமில்லாத வயல்காரர்கள் ஓர் அடி பிந்தி மண்வெட்டியைப் போட்டார்கள். அதைச் சொல்லிக் கேலி செய்துகொண்டே வேலை நடந்தது. களப்போரத்தில் நாலு முழ அகலத்துக்கு மணலை விட்டுவிட்டு எல்லோரையும் நிறுத்தினார்.

பிறகு ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மழை தூறியது. யாரும் “வெட்டுவமா?” என்று கேட்கவில்லை, அது மட்டும் எனக்கு அதிசயமாக இருந்தது. சம்மந்தி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்த்த திசையையே பார்த்தார். நானும் பார்த்தேன். இம்முறை எதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு பார்த்தேன். ஈர மணலில் அலை தொட்ட கடைசிக் கோடு எங்கே நிற்கிறது, அடுத்த அலை அதைத் தொடுகிறதா. தொடவில்லை. அதற்கடுத்ததும் தொடவில்லை.

“ம், வெட்டுங்க” என்றார்.

களப்பு முதலில் ஒரு சாண் அகலத்தில் நுழைந்தது. பிறகு தன் வழியைத் தானே தின்றுகொண்டு அகலமாயிற்று. ஓரத்தில் நின்றவர்களைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். மிதந்த ஆற்றுவாழைக் கூட்டங்கள், கட்டை, ஒரு பிளாஸ்டிக் கதிரை எல்லாம் கடலுக்குப் போயின.

“காக்கா, உங்கட இறாலும் போகுது” என்றார் திங்கட்கிழமை அவரைக் குற்றம் சொன்ன அதே வயல்காரர்.

“போகட்டும். அதுவும் பொண்ணு ஊட்டுக்குப் போற மாப்பிள்ளதான்” என்றார் அவர். எல்லோரும் என் மகனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை சுபஹுக்கு நானும் சம்மந்தியும் போய்ப் பார்த்தோம். வாய் மூடவில்லை, இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் என்னை வயலுக்குக் கூட்டிப்போனார். வரம்புகள் தெரிந்தன. சேறு பூசிய பயிர் தலை சாய்ந்து கிடந்தது. அவர் ஒன்றைப் பிடுங்கி, தண்டை நகத்தால் கீறி என்னிடம் காட்டினார். உள்ளே பச்சை. மேட்டில் நாலு ஏக்கர் அப்படி இருந்தது. பள்ளத்து இரண்டு ஏக்கர் அழுகிவிட்டது; அதைத் திரும்ப விதைக்கவேண்டும், குறுகிய நாள் நெல் போடலாம் என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பிறகு அந்தச் சேற்றில் நின்று நான் முந்திய கிழமைக்காக மன்னிப்புக் கேட்டேன்.

“உங்கட கொப்பி இல்லாட்டியும் நாங்க புதன்கிழம வெட்டித்தான் இரிப்பம், சம்மந்தி. எங்களுக்கு அவசரம். கொப்பி தோதா அகப்பட்டிச்சி” என்றார். அது உண்மையோ, விருந்தாளிக்காகச் சொன்னதோ, இன்றும் எனக்குத் தெரியாது. எதுவானாலும் நான் கடன்பட்டவன்.

அன்று மாலை கரைவலைக்காரர் வீட்டிலிருந்து ஒரு சட்டி இறால் வந்தது. முகத்துவாரத்தில் வலை போட்டுப் பிடித்தவையாம். சட்டி வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று சம்மந்தியின் மனைவி அதில் எருமைத் தயிர் ஊற்றி அனுப்பினார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு பழைய ஹிஜ்ரிக் கலண்டர்க் கட்டைத் தேடிப் பிடித்து, என் குறிப்பேடுகளில் முடிந்தவரை பிறையை ஓரத்தில் எழுதிவருகிறேன். நாற்பது வருடம் என்பதால் இன்னும் முடியவில்லை.

அறுவடை முடிந்து சில கிழமைகளுக்குப் பின் சம்மந்தி தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தமும், இளைய மகள் யாரையோ கேலி செய்யும் குரலும் கேட்டன.

“சம்மந்தி, ஓடு ஏறுது. எழுதிக்கொள்ளுங்க. செவ்வாய்க்கிழம, லுஹருக்கு முன்ன. பிறை ஏழு.”

எழுதினேன். “கடல் எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.

“ஓடு போடக் கடல் என்னத்துக்கு?”

“இருந்தாலும் பார்த்துச் சொல்லுங்கள்.”

சிரித்தார். தொலைபேசியோடு கரைக்கு நடந்து போயிருக்கவேண்டும். சுத்தியல் சத்தம் குறைந்து, காற்றின் இரைச்சல் வந்தது.

“இறங்கிக் கெடக்கு” என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.